ஸலாம் சொல்லி மாதாவை வாழ்த்தும் தீவு: மால்டாவைப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஜெபமாலை உருட்டும் கத்தோலிக்கர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்திருந்தால், 'அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே' என்ற வரி, நீங்கள் எந்த மதமாக இருந்தாலும், காதில் ஏறியிருக்கும். இதே ஜெபத்தை மால்டா என்கிற ஐரோப்பிய நாட்டில் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? 'ஸ்லீம் ஆலிக் மரியா, பில் க்ராத்ஸ்யா மிம்லியா, இல்-முலெய் மீயெக்.' ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஸ்லீம் ஆலிக் என்பது வேறொன்றுமில்லை, 'ஸலாம் அலைக்'. நம் ஊர்ப் பள்ளிவாசல் வாசலில் தினமும் கேட்கிற அதே ஸலாம்தான். முலெய் என்பது ஆண்டவனைக் குறிக்கும் 'மௌலா'விலிருந்து வந்தது. நடுவில் உள்ள க்ராத்ஸ்யா, அதாவது அருள், அது மட்டும் இத்தாலிக்காரர்களிடமிருந்து வாங்கியது. அந்த மக்களோ தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். கத்தோலிக்கம்தான் நாட்டின் மதம் என்று அவர்களுடைய அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவே சொல்கிறது.

இது எப்படி நடந்தது என்று நூல் பிடித்துக்கொண்டு போனாலே மால்டா முக்கால்வாசி புரிந்துவிடும் என்பது என் கட்சி. அதனால் மொழி வழியாகவே உள்ளே போகலாம். ஆனால் பொது அறிவுப் புத்தகத்தில் வரும் விவரங்களும் வேண்டும்தானே, அவற்றை முதலில் விறுவிறுவென்று முடித்துவிடுகிறேன்.

தமிழில் மால்டா என்று தேடினால் மேற்கு வங்காளத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன ஊரும் கூடவே வந்து நிற்கும். நாம் பேசுவது அதை இல்லை. இது மத்தியதரைக் கடலின் நடுவில், இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கி.மீ. தூரத்தில் இருக்கும் தீவுக்கூட்டம். மால்டா பெரியது, கோசோ அதைவிடச் சின்னது, நடுவில் கொமினோ என்று ஒரு துளி. மூன்றும் சேர்ந்தே 316 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு நாடு, அதற்குப் பிரதமர், ஜனாதிபதி, ஐ.நா.வில் நாற்காலி எல்லாம் சென்னைக்குள் அடங்கிப்போய் இடமும் மிஞ்சும். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,19,562. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக நெருக்கடியாக மக்கள் வாழும் நாடு இதுதான். ஒன்றியத்தில் 2004-இல் சேர்ந்தார்கள், 2008 முதல் யூரோ நாணயம். தலைநகரம் வல்லெட்டா.

மலை கிடையாது, மிக உயரமான இடமே 253 மீட்டர்தான். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது, நம் நெம்மேலியில் செய்கிறோமே அதே முறை. நிறைய இருப்பது சுண்ணாம்புக்கல். வெட்டும்போது மிருதுவாக, தேன் நிறத்தில் இருக்கும் அந்தக் கல்லில்தான் கோயில், கோட்டை, குடிசை எல்லாமே. அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்கள் முழுக்க ஒரே மஞ்சள் பூசினதுபோல இருக்கும்.

சரி, கதைக்கு வருவோம்.

அந்தக் கல்லை முதலில் அடுக்கியவர்கள் யார் என்றே யாருக்கும் தெரியாது. கோசோ தீவில் ஜ்கந்தீயா என்று ஒரு கோயில் இருக்கிறது, கி.மு. 3600 வாக்கில் கட்டியது. எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் ஏறத்தாழ ஆயிரம் வருடம் மூத்தது. பிற்காலத்து மக்கள் இவ்வளவு பெரிய கற்களை மனிதன் தூக்கியிருக்க முடியாது, அரக்கர்கள்தான் கட்டியிருப்பார்கள் என்று நம்பியதால் வந்த பெயர் அது. இன்னொன்று பூமிக்கு அடியில். 1902-இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டிக்காகப் பாறையை வெட்டிக்கொண்டிருந்தபோது கூரை உடைந்து, கீழே மூன்று அடுக்காகக் குடைந்த அறைகள் தெரிந்தன. சுமார் 7,000 பேரின் எலும்புகள் அங்கே இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மூச்சுக்காற்று பட்டுச் சுவர் ஓவியம் கெடக் கூடாது என்று இன்று ஒரு நாளைக்கு 80 பேருக்குத்தான் அனுமதி. இத்தனை செய்தவர்கள் கி.மு. 2500-ஐ ஒட்டி எப்படியோ காணாமல் போனார்கள். அவர்கள் பேசிய மொழியில் ஒரு சொல்கூட நமக்கு மிஞ்சவில்லை.

பிறகு இன்றைய லெபனான் பக்கத்திலிருந்து பினீசியர்கள், அப்புறம் கார்த்தேஜ்காரர்கள், கி.மு. 218-இல் ரோமானியர்கள். பினீசியர்கள் விட்டுப்போன இரண்டு பளிங்குத் தூண்களில் ஒரே வாசகம் பினீசிய மொழியிலும் கிரேக்கத்திலும் பொறித்திருந்தது, அதை வைத்துத்தான் 1758-இல் பிரெஞ்சுப் பாதிரியார் பார்த்தெலெமி பினீசிய எழுத்தையே படித்துக் காட்டினார். ரோமானியர் காலத்தில், கி.பி. 60 வாக்கில், கைதியாக ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த புனித பவுல் கப்பல் உடைந்து இங்கே கரையேறியதாக பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. மால்டாக்காரர்களிடம் அவர்கள் எப்போது கிறிஸ்தவர்களானார்கள் என்று கேட்டால் அந்த நாளிலிருந்துதான் என்பார்கள். பிப்ரவரி 10 அதற்காகவே அரசு விடுமுறை.

ஆனால் 870-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அரபுப் படை தீவைப் பிடித்தது. மொழியின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. சிசிலியும் அப்போது அரபு ஆட்சியில் இருந்தது, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அரபுதான் பேசினார்கள். 1091-இல் நார்மன்கள் வந்தார்கள், ஆட்சி கிறிஸ்தவர் கைக்குப் போனது, 13-ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள் அல்லது மதம் மாறினார்கள். சிசிலியில் அரபு மெல்ல மெல்ல அழிந்தே போனது. மால்டாவில் மதம் போனது, பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொராக்கோக்காரர் பேசும் அரபும் ஈராக்கியர் பேசும் அரபும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ தூரம், இருந்தாலும் எல்லாருக்கும் மேலே குர்ஆனின் மொழி, பள்ளிக்கூடத்தில் கற்கும் எழுத்து மொழி என்று ஒரு குடை இருக்கிறது. நம் செந்தமிழ், பேச்சுத்தமிழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மால்டாவில் அந்தக் குடை மடங்கிவிட்டது. அரபு எழுத்து தெரிந்தவர் இல்லை, குர்ஆன் ஓதுபவர் இல்லை, மேலே இருந்து 'இது தப்பு, அது சரி' என்று திருத்த யாருமில்லை. கயிறு அறுந்த படகுபோல அந்தப் பேச்சு தன் போக்கில் போய், பக்கத்துச் சிசிலியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அகப்பட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டு, மால்தி என்ற தனி மொழியாகிவிட்டது. இன்றைக்கு அதன் சொற்களில் ஏறத்தாழ பாதி இத்தாலி, சிசிலிப் பக்கத்துச் சரக்கு, மூன்றில் ஒரு பங்குதான் அரபு வழி வந்தது, மீதியில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்குதான் அன்றாடம் வாயில் வருவது. அம்மா, ரொட்டி, பால், கடல், சூரியன், எண்கள், கிழமைகள் எல்லாம் அதில்தான்.

மதச் சொற்களுக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். கடவுள் 'அல்லா'. (இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அரபு பேசும் கிறிஸ்தவர்கள் எல்லாருமே கடவுளை அப்படித்தான் அழைக்கிறார்கள், அது அரபியில் கடவுளுக்கான பொதுச் சொல்.) ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் 'ரந்தான்', ஆமாம், ரமலானேதான், நோன்பு மாதத்தின் பெயர் இன்னொரு மதத்தின் நோன்புக் காலத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கிறிஸ்துமஸ் 'மிலீத்', நம் ஊரில் மீலாது நபி என்கிறோமே அந்த மீலாது, பிறப்பு. ஈஸ்டர் 'எய்த் இல்-க்பீர்', அதாவது பெரிய ஈத், பெருநாள். வெள்ளிக்கிழமை 'ஜிமா', ஜும்மாவின் திரிபு. இயேசு சிலுவையில் இறந்த வெள்ளிக்குப் பெயர் 'ஜிமா க்பீரா'. ஆங்கிலத்தில் அதை நல்ல வெள்ளி என்கிறார்கள், மால்டாவில் பெரிய வெள்ளி, தமிழ்க் கிறிஸ்தவர்களும் பெரிய வெள்ளி என்றுதான் சொல்கிறோம். அவர்களும் நாமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது.

காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வளர்ந்தவர் ஒருவர் இந்த மொழியைப் படிக்க உட்கார்ந்தால் மற்றத் தமிழர்களைவிட நாலு எட்டு முன்னால் இருப்பார். உலகம் என்கிற துனியா அங்கே தின்யா, புத்தகம் என்கிற கிதாபு அங்கே க்தீப், ஆன்மா என்கிற ரூஹு அங்கே ரூஹ். நம் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள், அர்வி என்று பெயர், நூற்றுக்கணக்கான நூல்கள் அப்படி வந்திருக்கின்றன. மால்டாவில் அதற்கு நேர்த் தலைகீழ், அரபிலிருந்து பிறந்த மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். அரபும் எபிரேயமும் சேர்ந்த செமிட்டிக் குடும்பத்தில் ரோமன் எழுத்தைத் தன் அதிகாரபூர்வ எழுத்தாக வைத்திருப்பது மால்தி ஒன்றுதான், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் இருக்கும் ஒரே செமிட்டிக் மொழியும் அதுதான்.

இரண்டு சரக்கும் எப்படிக் கலந்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், இலக்கணம் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அரபியில் ஒரு சொல்லின் மெய்யெழுத்துகள் எலும்புபோல நிற்கும், நடுவில் உயிர் மாறிக்கொண்டே இருக்கும். மால்தியில் கிதெப் என்றால் எழுதினான், க்தீப் என்றால் புத்தகம், கித்தீப் என்றால் எழுத்தாளர். மூன்றிலும் க, த, ப மாறவில்லை பாருங்கள். பன்மையும் இப்படித்தான், கடைசியில் 'கள்' ஒட்டுவதற்குப் பதிலாகச் சொல்லின் வயிற்றையே மாற்றுவார்கள். இப்போது பள்ளிக்கூடம் என்பதற்கு இத்தாலியிலிருந்து 'ஸ்கோலா' வந்தது. அதற்குப் பன்மை என்ன? 'ஸ்கெய்யெல்'! வந்த விருந்தாளிக்கும் வீட்டு வேட்டியைக் கட்டிவிட்ட கதைதான். வண்டியை 'பார்க்' பண்ணுவது என்ற ஆங்கில வினையையும் அவர்கள் அரபு முறையில் நான், நீ, அவன் என்று விகுதி மாற்றி ஓட்டுகிறார்கள்.

நெடுங்காலம் மால்டாக்காரர்களுக்கே இந்த அரபு உறவு கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மதத்தால் எதிரியாக நினைத்தவர்களின் மொழியைத் தாங்கள் பேசுவதா? அதனால் எங்கள் மொழி அரபு இல்லை, அது பழைய பினீசிய மொழியின் வாரிசு என்று ஒரு கொள்கை அங்கே படித்தவர்களிடம் ரொம்ப நாள் செல்வாக்காக இருந்தது. மொழியியலாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை, வேர் சிசிலியில் பேசிய அரபு என்பதில் பெரிய சண்டை இல்லை. தன் மொழியின் வயதை நீட்டிக் காட்டும் ஆசை எந்த ஊரில்தான் இல்லை, சொல்லுங்கள்.

இனி வல்லெட்டாவைக் கட்டியவர்கள். ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்த ஆரம்பித்துப் பிறகு வாளும் ஏந்திய புனித யோவான் சபை என்று ஒன்று உண்டு, பாதி துறவிகள் பாதி போர்வீரர்கள். ஓட்டோமான் சுல்தான் சுலைமான் அவர்களை ரோட்ஸ் தீவிலிருந்து துரத்திவிட, இடமில்லாமல் அலைந்தவர்களுக்கு 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் மால்டாவைக் கொடுத்தார். வாடகை? வருடத்துக்கு ஒரு வல்லூறு. ஒரே ஒரு பறவை! அங்கே வாழ்ந்துகொண்டிருந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1565 மே மாதம் சுல்தானின் கப்பல்கள் இங்கேயும் வந்தன. உள்ளே சுமார் 600 சபை வீரர்களும் சில ஆயிரம் உள்ளூர் மக்களும், வெளியே ஏறத்தாழ 30 ஆயிரம் பேர். துறைமுக வாயிலில் இருந்த சின்னஞ்சிறு புனித எல்மோ கோட்டை சீக்கிரம் விழுந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அது ஒரு மாதம் போல நின்றது. அந்த ஒரு மாதம்தான் மற்றக் கோட்டைகளைக் காப்பாற்றியது. செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்து முற்றுகை உடைந்தது. சபைத் தலைவர் ழான் தெ லா வலெத், மறு வருடமே, 1566 மார்ச் 28 அன்று, எதிரி பீரங்கி வைத்திருந்த அதே மேட்டில் புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயர்தான் வல்லெட்டா. தெருக்கள் எல்லாம் சதுரங்கப் பலகைபோல நேர்க்கோட்டில், பல தெருக்கள் படிக்கட்டுகளாகவே கடலை நோக்கி இறங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும்.

சபையில் இருந்தவர்கள் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என்று பல நாட்டுப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள், பணத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் சாப்பாடு போட்டார்கள். இன்னொரு பக்கம் கடலில் முஸ்லிம் கப்பல்களைக் கொள்ளையடித்து ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்றதும் அதே சபைதான், சுற்றுலா வழிகாட்டிகள் முதலாவதைத்தான் அதிகம் சொல்வார்கள். இத்தாலியில் கொலைக் குற்றத்துக்குத் தப்பி ஓடிவந்த ஓவியர் கரவாஜியோவையும் சேர்த்துக்கொண்டார்கள். 1608-இல் அவர் வரைந்த திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சி இன்றும் வல்லெட்டாப் பேராலயத்தில் இருக்கிறது. அவர் வரைந்ததிலேயே பெரியது அதுதான், அவர் கையெழுத்துப் போட்டதும் அது ஒன்றில்தான். அதுவும் வெட்டுண்ட கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில். அதே வருடம் இங்கேயும் சண்டை போட்டுச் சிறைக்குப் போய், அங்கிருந்தும் தப்பி ஓடிவிட்டார்.

1798-இல் நெப்போலியன் எகிப்துக்குப் போகிற வழியில் சபையை வெளியேற்றித் தீவைப் பிடித்தார். அடிமை முறையை ஒழித்தார், கூடவே தேவாலய வெள்ளியையும் அள்ளினார். இரண்டாவதை ஜனங்கள் பொறுக்கவில்லை. மூன்றே மாதத்தில் கலகம், பிரெஞ்சுக்காரர்களை விரட்ட ஆங்கிலேயர் உதவிக்கு வந்தார்கள், வந்தவர்கள் 1979 மார்ச் 31 வரை போகவில்லை. அந்தக் கதை நமக்குப் பழகினதுதானே.

ஆங்கிலேயர் விட்டுப்போனவற்றில் கண்ணுக்குத் தெரிபவை: வண்டி இடதுபக்கம் ஓடும், மின்செருகிக்கு மூன்று கால், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. கண்ணுக்குத் தெரியாதது மொழிச் சண்டை. நீதிமன்றம், தேவாலயம், படித்தவர் வீடு எல்லாவற்றிலும் அதுவரை இத்தாலியன்தான் கொடி கட்டிப் பறந்தது, மால்தி என்பது வயலிலும் அடுப்படியிலும் பேசுவது. வஸ்ஸல்லி என்பவர் 1796-லேயே மால்திக்கு அகராதி போட்டு இதைப் படியுங்கள் என்று கத்தினார், கேட்க ஆளில்லை. ஆங்கிலேயருக்கு இத்தாலியனை ஒழிக்க வேண்டும், இத்தாலியப் பக்கம் சாய்ந்தவர்களுக்கு ஆங்கிலம் வரக் கூடாது. இரண்டு யானைகள் மோதிக்கொண்ட இடைவெளியில் சின்னது பிழைத்தது. 1924-இல் எழுத்தாளர் சங்கம் எழுத்துமுறையை வகுத்தது, 1934-இல் மால்தி ஆட்சிமொழி. அதுவரை இத்தாலியனில் கவிதை எழுதிக்கொண்டிருந்த துன் கார்ம் என்ற பாதிரியார் மால்திக்கு மாறி, பின்னாளில் நாட்டுப்பண்ணான பாட்டையும் எழுதினார். இன்று மால்தி தேசிய மொழி, மால்தியும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள், இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்தே இத்தாலியன் பேசக் கற்றவர்களும் ஏராளம்.

இரண்டாம் உலகப் போரில் இந்தத் தீவின்மேல் விழுந்த குண்டுகளுக்குக் கணக்கில்லை. பட்டினி விளிம்புக்குப் போன மக்களுக்கு 1942 ஏப்ரலில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கத்தைத் தீவு மொத்தத்துக்குமாகக் கொடுத்தார், மால்டாக் கொடியின் மூலையில் இருக்கும் சிலுவை அதுதான். அதே மாதம் 9-ஆம் தேதி மொஸ்தா ஊர்த் தேவாலயத்தின் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு பூசைக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில் விழுந்து உருண்டது, வெடிக்கவில்லை. ஒருவருக்கும் காயமில்லை. அந்த ஊரில் இதைத் தற்செயல் என்று சொல்லிப் பாருங்கள், உங்களை விடமாட்டார்கள்.

சுதந்திரம் 1964 செப்டம்பர் 21. அப்படியானால் தேசிய தினம் அதுதானே என்றால், அங்கேதான் வம்பு. நாட்டில் இரண்டு பெரிய கட்சிகள், தேசியக் கட்சியும் தொழிற்கட்சியும், நீலமும் சிவப்பும். 1964-இல் ஆட்சியில் இருந்தது தேசியக் கட்சி, ஆகவே அவர்களுக்கு அந்த நாள். அது வெறும் பேப்பர் சுதந்திரம், 1974 டிசம்பர் 13-இல் குடியரசு ஆனதும் 1979 மார்ச் 31-இல் கடைசி ஆங்கிலப் படை போனதும்தான் உண்மை என்று தொழிற்கட்சி. 1919 ஜூன் 7-இல் ரொட்டி விலைக் கலவரத்தில் ஆங்கிலப் படை சுட்டு நாலு பேர் செத்தார்கள், அதை விட முடியுமா? 1565 முற்றுகை முடிந்த செப்டம்பர் 8? கடைசியில் ஒத்துப்போக முடியாமல் ஐந்தையுமே தேசிய தினமாக வைத்துக்கொண்டார்கள். ஐந்துக்கும் விடுமுறை. சமரசம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

இந்த இரண்டாகப் பிரியும் குணத்தை அரசியலில் மட்டும் பார்த்தால் போதாது, ஊர்த் திருவிழாவில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாதுகாவல் புனிதர், கோடையில் அவருக்கு 'ஃபெஸ்தா'. தெரு முழுக்கச் சிவப்புப் பட்டுத் தோரணம், தூண் தூணாகச் சிலைகள், தோளில் சுமந்து வரும் புனிதரின் சுரூபம், முன்னால் பித்தளை வாத்தியக் குழு, ராத்திரி வாணவேடிக்கை. தரையில் நட்ட கம்பங்களில் பல்சக்கரம் சக்கரமாகச் சுழலும் வாணம் அங்கே தனிக் கலை. பல ஊர்களில் வாத்தியக் குழு இரண்டு, அவரவர்க்குத் தனிக் கட்டடம், தனிப் புனிதர், தனி வாணப் பட்டறை, போன வருடம் அவன் போட்டதைவிட இந்த வருடம் நாம் சத்தமாகப் போடணும் என்ற வைராக்கியம். பட்டறைகளில் விபத்து நடந்து உயிர் போவதும் உண்டு, ஆனாலும் நிற்பதில்லை. 2023-இல் யுனெஸ்கோ இந்தத் திருவிழாவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சில தேவாலயங்களில் இரண்டு கடிகாரம் இருக்கும், ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது தப்பாக. பூசை எத்தனை மணிக்கு என்று சாத்தான் குழம்பட்டும் என்பதற்காகவாம்.

சாப்பாட்டில் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. முயல் குழம்பு தேசிய உணவு மாதிரி, சபைக்காரர்கள் ஆட்சியில் முயல் வேட்டைக்குப் போட்ட கட்டுப்பாட்டின்மேல் இருந்த கோபமும் அதில் கொஞ்சம் வெந்திருக்கிறது. ஆகஸ்டு பாதியிலிருந்து 'லம்பூகி' மீன் காலம். கடலில் ஈச்சம், பனை வகை ஓலைகளைக் கட்டி மிதக்க விடுவார்கள், நிழலுக்கு மீன் வந்து ஒதுங்கும், சுற்றி வலை போடுவார்கள், அவ்வளவுதான் தந்திரம். அந்தப் படகுகளின் முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருக்கும், பினீசியர் காலத்து வழக்கம் என்பார்கள். தெருவோரம் 'பஸ்தித்ஸி', அடுக்கடுக்காக உதிரும் மாவுக்குள் பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுட்டது. ஒன்று நன்றாக விற்றால் பஸ்தித்ஸி மாதிரி விற்கிறது என்பது அவர்கள் பழமொழி. அதற்குத் துணை டீ. கோப்பையில் இல்லை, கண்ணாடி டம்ளரில், டின் பால் ஊற்றி. ஐரோப்பாவில் இப்படி ஒரு டீக்கடைக் காட்சி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இன்றைய மால்டா கொஞ்சம் வேறு மாதிரி. 2011-இல் மக்கள் வாக்களித்த பிறகுதான் விவாகரத்தே சட்டமானது, ஆறே வருடத்தில், 2017-இல், தன்பாலினத் திருமணமும் வந்துவிட்டது. ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களும் கோடீஸ்வரர்களுக்குக் காசுக்குக் குடியுரிமை கொடுத்த திட்டமும் பணத்தைக் கொண்டுவந்தன, அந்தத் திட்டம் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. மேலிடத்து ஊழலை எழுதிய பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீத்ஸியா 2017 அக்டோபரில் கார் குண்டுக்குப் பலியானார். அந்த வழக்கின் அலை பிரதமரின் பதவியையும் கொண்டுபோனது.

வேலைக்கு ஆள் போதாமல் வெளிநாட்டவர் குவிகிறார்கள். 2021-லேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர், அதில் இந்தியர் ஆயிரக்கணக்கில், மருத்துவமனையிலும் ஓட்டலிலும் உணவு கொண்டுபோகும் இருசக்கர வண்டியிலும். எங்கள் ஊர்க் கடையில் எங்கள் மொழியில் ஒரு ரொட்டி வாங்க முடியவில்லை என்று உள்ளூர்க்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆகவே நீங்களோ உங்கள் தம்பியோ அங்கே போகிற மாதிரி இருந்தால் நாலு சொல் எடுத்துப் போங்கள். கடைக்குள் நுழையும்போது 'போன்ஜு', காலை வணக்கம், இத்தாலிப் பக்கத்துச் சொல். 'கீஃப் இன்ட்?', எப்படி இருக்கிறீர்கள், முழு அரபு. எதிராளி இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை 'மெலா' என்பார், நம் 'அப்போ', 'சரி', 'பின்னே' மூன்றும் அதில் அடக்கம், நீங்களும் தலையாட்டி 'மெலா' என்றால் போதும், முக்கால்வாசிப் பேச்சு ஓடிவிடும். பொருளை வாங்கிக்கொண்டு 'க்ராத்ஸி', நன்றி. வெளியே வரும்போது 'சஹ்ஹா', உடம்பு நன்றாயிருக்கட்டும் என்று அர்த்தம், போய்வருகிறேன் என்பதற்குப் பதில் சொல்வது. இளவட்டமாக இருந்தால் அவர் 'பை' என்பார்.